பாஸ்போர்ட்டில் ஒளிந்திருந்த ‘லெட்’

நான் மொழிபெயர்ப்பாளர். கதை, கவிதை பக்கம் போனதில்லை. சான்றிதழ், பத்திரம், உயில், ஒப்பந்தம் இவைதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை ஒரு வரி விடாமல் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். அதன் முன்பக்கத்தில் அப்போதைய அரசியின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருந்தது. இதை வைத்திருப்பவரை ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ எதுவும் இல்லாமல் போக விடுங்கள் என்று. ‘லெட்’ என்றால் விடு, அனுமதி. ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்றால் தடை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘அனுமதியோ தடையோ இன்றிச் செல்ல விடும்படி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மெய்ப்பு பார்க்கும் பெரியவர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அனுமதி இல்லாமல் போகவிடுங்கள் என்று எந்த நாட்டு அரசாங்கமாவது எழுதுமா?”

“அப்படித்தான் சார் இருக்கிறது. லெட் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.”

“டென்னிஸ் பார்ப்பாயா?”

“பார்ப்பேன் சார்.”

“சர்வ் போடும்போது பந்து வலையில் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தால் நடுவர் என்ன சொல்வார்?”

‘லெட்’ என்றுதான் சொல்வார். அத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். எதை விடுகிறார், யாருக்கு அனுமதி கொடுக்கிறார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இன்னொரு முறை போட விடுகிறார்கள், அதனால் லெட் என்று மனசுக்குள் ஏதோ ஒரு சமாதானம் இருந்திருக்க வேண்டும். பெரியவர் சொன்னது வேறு. அந்த லெட் ‘தடை’. வலை தடுத்துவிட்டது, ஆகவே அந்தப் பந்து கணக்கில் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு ‘லெட்’ உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘லாட்டன்’ என்றொரு வினை, விடு என்று பொருள். ‘லெட்டன்’ என்று இன்னொரு வினை, தடு, தாமதப்படுத்து என்று பொருள். தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’ இருக்கிறதே, அதன் சொந்தக்காரன் இந்த இரண்டாவது. ஒலி தேயத் தேய இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து நின்றன. ஒரே சொல்லுக்கு ‘விடு’, ‘விடாதே’ என்று இரண்டு பொருள்! கொஞ்ச நாள் அப்படியும் ஓட்டியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆவியின் பின்னால் போகத் துடிக்கும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, என்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். இன்றைய பொருளில் படித்தால், தன்னைப் போகவிடுகிறவனைக் கொல்வேன் என்று சொல்கிறான் என்றாகும். கடைசியில் தடை தோற்றது, அனுமதி ஜெயித்தது. ஆனால் தோற்றுப்போன லெட் சாகவில்லை. பாஸ்போர்ட்டிலும் டென்னிஸ் மைதானத்திலும் போய் ஒளிந்துகொண்டது.

அன்று பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. பழைய ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைவிட, அவற்றின் பழைய பொருள்கள் எங்கே போய் ஒளிந்திருக்கின்றன என்று தேடுவதுதான் எனக்கு வேலை. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு மூலை இருக்கிறது. கூட்டுச்சொல்லின் ஒரு பாதி, சட்ட வாசகம், வேதப் புத்தகம், விளையாட்டு, பழமொழி என்று பெரிதாக யாரும் கை வைக்காத இடங்கள்.

‘மீட்’ என்ற சொல்லைப் பாருங்கள். இன்று இறைச்சி. பழைய ஆங்கிலத்தில் ‘மெட்டே’ என்றால் வெறும் உணவு. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிளில், ஆதியாகமம் முதல் அதிகாரம் 29-ஆம் வசனத்தில், விதை தரும் பூண்டுகளையும் கனி தரும் மரங்களையும் மனிதனுக்குக் கொடுத்து, இவை உங்களுக்கு ‘மீட்’ ஆக இருக்கும் என்கிறார் கடவுள். சுத்த சைவச் சாப்பாட்டைச் சுட்டிக்காட்டி மீட் என்கிறார். இதை முதலில் படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இனிப்புப் பண்டத்துக்குச் சொல்லும் ‘ஸ்வீட்மீட்’ என்ற சொல்லில் இன்னும் அந்தப் பழைய உணவு இருக்கிறது, இறைச்சி கிடையாது.

மானைக் குறிக்கும் ‘டீர்’ கதையும் இதே மாதிரிதான். ‘டேயோர்’ என்றால் விலங்கு, எந்த விலங்கும். ஜெர்மன் மொழியில் அதன் உறவான ‘டியர்’ இன்றைக்கும் விலங்குதான். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் பித்துப் பிடித்தவனாக நடிக்கும் எட்கர், எலி, பெருச்சாளி, அதுபோன்ற சின்ன ‘டீர்’ இவைதாம் ஏழு வருடமாகத் தன் சாப்பாடு என்கிறான். எலி அளவில் மான் என்று யாராவது மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் செய்திருப்பேன், அந்தப் பாஸ்போர்ட் காலத்தில். வேட்டையில் முக்கியமான விலங்கு மான் என்பதால் விலங்கு மானாகச் சுருங்கியது என்பார்கள். நாயெல்லாம் ‘ஹவுண்ட்’ ஆக இருந்து பிறகு வேட்டை நாய் மட்டும் ஹவுண்ட் ஆனது, பறவையெல்லாம் ‘ஃபௌல்’ ஆக இருந்து பிறகு கோழி இனத்துக்குள் ஒடுங்கியது, சாவையே குறித்த ‘ஸ்டார்வ்’ பட்டினியில் வந்து நின்றது. இப்படிச் சுருங்கியவை ஏராளம். அவற்றை வரிசையாக அடுக்கினால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

என்னை நிஜமாகவே உட்கார வைத்த சொல் ‘மிட்வைஃப்’. பிரசவம் பார்க்கும் பெண். நடுவில் இருக்கும் மனைவியா, பாதி மனைவியா என்று சின்ன வயதில் குழம்பியதுண்டு. இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். ‘வீஃப்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் மனைவி மட்டுமல்ல, எந்தப் பெண்ணும். ‘மிட்’ என்றால் ‘உடன்’. ஜெர்மனில் இன்றைக்கும் ‘மிட்’ தான் அதற்கு. ஆக, மிட்வைஃப் என்றால் பெண்ணுடன் இருப்பவள். பிரசவ வேதனையில் கூட இருப்பவள். அவள் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

சரி, அப்படியானால் ‘உடன்’ என்பதற்கு இன்று சொல்லும் ‘வித்’ அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? அது எதிரணியில் இருந்தது. ‘வித்’ என்றால் ‘எதிராக’. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அந்த எதிர்ப்பு இன்னும் முறுக்கு குறையாமல் இருக்கிறது. ஒருவனோடு சண்டை போட்டேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் ‘வித்’ திலும் அதே வாசனைதான். எதிராக நிற்கவும் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் இல்லையா, அந்த வழியாகத்தான் எதிரி கூட்டாளி ஆகியிருப்பான் போல. தமிழிலும் பாருங்கள், அவனோடு சண்டை என்கிறோம், அவனுக்கு எதிராகச் சண்டை என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை.

‘மேன்’ என்பது அந்தக் காலத்தில் ஆண் அல்ல, மனிதர், இரு பாலாரும். ஆணைத் தனியாகச் சொல்ல ‘வேர்’ என்று ஒரு சொல் இருந்தது. பெண்ணைச் சொல்ல ‘வீஃப்மன்’, அதாவது பெண்-மனிதர். இந்த வீஃப்மன் தேய்ந்து தேய்ந்துதான் இன்றைய ‘உமன்’. ‘வேர்’ செத்தது என்று முடிவு கட்டிவிடலாம், ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ மட்டும் இல்லாவிட்டால். இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த இடம். உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்டு’. அது ‘வேர்’ என்பதும் ‘வயது, காலம்’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் சேர்ந்து உண்டானது. மனிதனின் காலம். தெய்வங்களுக்கு உரிய காலத்துக்கு எதிராக, மனுஷன் இருக்கிற வரைக்குமான காலம். காலத்தைச் சொன்ன சொல் இடத்தைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. ஒருநாளைக்கு எத்தனை முறை இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறேன்! உள்ளே ஒரு பழைய மனிதன் உட்கார்ந்திருப்பது தெரியாது எனக்கு.

பெண் குழந்தையைக் குறிக்கும் ‘கேர்ள்’ பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் அது சிறுவனுக்கும் சிறுமிக்கும் பொது. அவருடைய கேன்டர்பரி கதைகளில், ஒரு மறைமாவட்டத்து இளசுகளையெல்லாம் கைக்குள் வைத்திருந்த திருச்சபைச் சேவகனைப் பற்றிச் சொல்லும்போது ‘கேர்ள்ஸ்’ என்கிறார். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம்தான் அது.

அப்புறம், சமூகத்தில் மேலே ஏறிய சொற்களும் கீழே விழுந்த சொற்களும். இது இன்னொரு பெரிய காடு. பிரபுவைக் குறிக்கும் ‘லார்ட்’ பிறந்தது ரொட்டியில். ரொட்டிக்கு ‘ஹ்லாஃப்’, காவலனுக்கு ‘வேர்ட்’. ரொட்டியைக் காப்பவன் லார்ட். ரொட்டி மாவு பிசைபவள் லேடி. அவர்களை அண்டிப் பிழைத்த வேலையாளுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பழைய சட்டம், சுமார் 600-ஆம் ஆண்டு வாக்கில் கென்ட் பகுதியை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னனுடையது. ஒரு குடியானவனின் ‘ரொட்டி தின்பவனை’க் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. காப்பவன், பிசைபவள், தின்பவன். ஒரு வீட்டின் அமைப்பு முழுவதும் ஒரே ரொட்டியைச் சுற்றி. காப்பவன் பிரபுக்கள் சபைக்குப் போய்விட்டான், பிசைபவள் சீமாட்டி ஆகிவிட்டாள், தின்பவன் மட்டும் அகராதியிலிருந்தே காணாமல் போனான். வேறு எப்படி இருக்கும்?

அந்தச் சட்டத்தில் வருகிற குடியானவன் ‘சேயோர்ல்’. அவன் அடிமை அல்ல, சுதந்திரமானவன், மானமாக வாழ்ந்தவன். அவன்தான் பின்னாளில் ‘சர்ல்’ என்று ஆகி, முரடன், நாகரிகம் தெரியாதவன் என்று கெட்ட பெயர் எடுத்தான். இதே சொல்லின் கண்டத்துப் பங்காளி ‘கார்ல்’ வேறு வழியாகப் போய் ‘சார்ல்ஸ்’ ஆனது. இன்றைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ‘லெட்’ இல்லாமல் விடச் சொல்வது சார்ல்ஸ் மன்னர் பெயரால். முரடனும் மன்னரும் பெயரளவில் ஒரே குடும்பம்!

‘நைட்’, ‘நேவ்’ இரண்டும் ஆரம்பத்தில் பையன் என்றுதான் பொருள். ஏவலுக்கு நின்ற பையன்கள். ஒருவன் குதிரை ஏறி வீரனானான், இன்னொருவன் போக்கிரி ஆனான். ‘வில்லன்’ பண்ணையில் உழுதவன். 1086-இல் வில்லியம் மன்னன் நாடு முழுவதும் கணக்கெடுத்துத் தொகுத்த டூம்ஸ்டே பதிவில் பெரும்பாலான ஊர்களில் ‘வில்லானி’ என்று வரிசை வரிசையாக இவர்களைத்தான் எண்ணி வைத்திருக்கிறார்கள். உழுதவன் பெயர் சினிமாக் கெட்டவனுக்கு வந்து சேர்ந்தது. சொற்களை எழுதி வைக்கும் பேனா யார் கையில் இருந்தது என்பது இந்த மாதிரி இடங்களில் பளிச்சென்று தெரியும். தமிழில் ‘கிழவன்’ தொல்காப்பியத்தில் தலைவன், உரியவன். அவன் இறங்கி வந்தது வயதால் என்றாலும், கோவூர் கிழார் போன்ற பெயர்களில் பழைய கௌரவத்தோடு இருக்கிறான். ஒளிந்துகொள்ள மூலை தேடுவதில் எல்லா மொழியும் ஒன்றுதான்.

என் செல்லச் சொல்லுக்கு வருகிறேன். மூக்குத்துவாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘நாஸ்ட்ரில்’. முதல் பாதி மூக்கு, சரி. இரண்டாம் பாதி? பழைய ஆங்கிலத்தில் ‘திரெல்’ என்றால் துளை. மூக்குத் துளை, அவ்வளவுதான். இந்தத் திரெல்லிலிருந்து வந்த வினைக்குத் துளை போடு என்று பொருள். ஈட்டி கவசத்தைத் துளைத்தது, அம்பு தோளைத் துளைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்த வினை, கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி மனதைத் துளைத்தது என்று மாறி, இன்றைக்கு ‘த்ரில்’ ஆக நிற்கிறது. த்ரில்லர் படம் பார்க்கிறோமே, அந்த த்ரில்லும் நம் முகத்தின் நடுவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளும் உடன்பிறப்புகள். ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குப் போவதைக் குறிக்கும் ‘த்ரூ’வும் அதே குடும்பம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த த்ரில்லர் விளம்பரத்தைப் பார்த்தாலும் எனக்கு மூக்குதான் ஞாபகம் வருகிறது. ஒரு நல்ல ரசிகையாக நான் கெட்டுப்போனேன்.

அந்தத் திரெல்லுக்கு இன்னொரு வீடும் இருந்தது. ஜன்னலுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘கண்-துளை’ என்று பொருள்படும் பெயர். பிறகு வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய வைக்கிங்குகள் தங்கள் ‘விந்தௌகா’வைக் கொண்டுவந்தார்கள். விந்த் காற்று, அவ்கா கண். காற்றுக் கண். அதுதான் ‘விண்டோ’. கண்ணாடி எல்லாம் இல்லாத காலம். சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியே ஒளியும் வரும், குளிரும் வரும். கண்-துளை தோற்றது, காற்றுக்-கண் ஜெயித்தது. இரண்டு பெயரிலும் கண் இருப்பதைக் கவனித்தீர்களா? தமிழில் ‘சாளரம்’, ‘காலதர்’ என்று பழைய சொற்கள் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. வட கடல்காரர்களுக்கும் நமக்கும் அந்த ஓட்டையைப் பார்த்ததும் முதலில் தோன்றியது காற்றுதான்!

வைக்கிங்குகளின் சொற்கள் சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை, உள்ளூர்ச் சொற்களோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டின. அதற்கு ஒரு கண்கண்ட சாட்சி உண்டு. இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன், 1476-இல், வெஸ்ட்மின்ஸ்டரில். அவர் 1490-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் தன் காலத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து நெதர்லாந்துப் பக்கத்துச் சீலாந்துக்குக் கப்பலில் கிளம்பிய வியாபாரிகள் சிலர், காற்று விழுந்துபோனதால் கரை ஒதுங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்டு என்ற துணி வியாபாரி ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கேட்டார், குறிப்பாக ‘எக்ஸ்’ கேட்டார். முட்டை. அந்த வீட்டம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். ஷெஃபீல்டுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் கூட வந்த இன்னொருவர், இவருக்கு ‘ஐரென்’ வேண்டுமாம் என்றார். ஓ, அதுவா, புரிகிறதே என்றாள் அந்தம்மா.

‘எக்’ வைக்கிங்குகளின் சொல், வடக்கில் பரவியது. ‘ஐரென்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், தெற்கில் நிலைத்தது. ஒரே நாட்டுக்காரர்கள் ஒரு முட்டைக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். இந்தக் காலத்தில் ஒருவன் எதை எழுதுவது, எக்ஸ் என்றா ஐரென் என்றா என்று புலம்புகிறார் காக்ஸ்டன். என் தொழில் அப்படி, அந்தப் புலம்பலைப் படித்தபோது எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். மூன்றாவதோ நான்காவதோ முறைதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஷெஃபீல்டு சாப்பாடு கேட்டார் என்று சொன்னேன் அல்லவா? காக்ஸ்டன் எழுதியிருக்கும் சொல் ‘மெட்டே’. மீட் கேட்டார், குறிப்பாக முட்டை கேட்டார்! வீட்டம்மாவை அவர் குறிப்பது ‘குட் வைஃப்’ என்று. யாருடைய மனைவி என்பது அங்கே பேச்சே இல்லை, வீட்டுக்குரிய பெண் என்பதுதான் பொருள். முட்டைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டும் அதே பத்தியில், உணவாக இருந்த மீட்டும் பெண்ணாக இருந்த வைஃபும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன. தேடாமல் கிடைத்த மூலை இது, அதனால் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

குணத்தையும் மனநிலையையும் சொல்லும் சொற்கள்தான் இருப்பதிலேயே நிலையில்லாதவை. ‘சில்லி’ ஒரு காலத்தில் ஆசீர்வதிக்கப்பட்ட, பாக்கியவானான. ஜெர்மனில் அதன் சகோதரி இன்னும் அந்தப் பாக்கியத்தோடுதான் இருக்கிறாள். பாக்கியவான் கள்ளங்கபடம் அறியாதவன் ஆனான், கபடம் அறியாதவன் பாவம் ஆனான், பாவம் கடைசியில் அசடு ஆனது. நேர் எதிர்த்திசையில் ஏறியது ‘நைஸ்’. லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள்தனமான என்று பொருள். அறிவைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ எந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததோ, அதற்கு முன்னால் ஒரு ‘இல்லை’ போட்டால் நைஸ். பிறகு அது எளிதில் கூச்சப்படுகிற, நுணுக்கம் பார்க்கிற, துல்லியமான என்றெல்லாம் சுற்றிவிட்டு, 18-ஆம் நூற்றாண்டில் ‘நல்ல, இனிய’ என்று வந்து உட்கார்ந்தது. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபேயில், கதாநாயகி ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லிவிட, ஹென்றி டில்னி அவளைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்கிறான். இன்று நைஸான நாள், நாம் நைஸாக நடை போகிறோம், நீங்கள் இருவரும் நைஸான பெண்கள் என்று. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பூசுவது அப்போதே சிலரை எரிச்சல்படுத்தியிருக்கிறது. எனக்கு டில்னிமேல் பாதி அனுதாபம்தான். பழைய பொருளைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் ஜெயித்ததாக வரலாறு இல்லை.

‘சேட்’ பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சோகம். முதலில் அது வயிறு நிறைந்த, போதும் போதும் என்றான நிலை. நிறைவிலிருந்து கனம், கனத்திலிருந்து சோர்வு, சோர்விலிருந்து துக்கம். அந்தக் கனம் இன்னும் ஒளிந்திருக்கும் இடம் ‘சேட் அயர்ன்’. சோகமான இஸ்திரிப்பெட்டி அல்ல. உள்ளே கரி போட இடமில்லாமல், கெட்டியான இரும்புப் பாளமாக, அடுப்பில் சூடுபண்ணித் தேய்க்கும் கனத்த பெட்டி. மனசு கனத்துப் போச்சு என்று நாமும் சொல்கிறோம். இந்தச் சொல்லின் பாதை எனக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது.

கீழே விழுந்த சொல்லுக்குத் தமிழில் ‘நாற்றம்’ இருக்கிறது. கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. நாச்சியார் திருமொழி அதன் ஒளிவிடம்.

இப்படி ஊறிப்போன பிறகு, கர்வம் வரும் இல்லையா? எனக்கு வந்தது. ஒரு கூட்டத்தில் பந்தாவாக, பணக்காரப் பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். இங்கிலாந்திலிருந்து கிழக்கே வரும் கப்பலில் பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறையை எடுப்பார்கள், போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், அதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சீட்டில் முத்திரையாகக் குத்தினார்கள், அதுதான் பாஷ் என்று. எல்லோரும் ரசித்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு இளம் பெண் வந்து, “அக்கா, அந்த முத்திரை குத்திய சீட்டை யாராவது பார்த்திருக்கிறார்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்றுகூட அகப்பட்டதில்லை. அது யாரோ கட்டிவிட்ட கதை. அன்றிலிருந்து என் விதி இது: கேட்கும்போதே கைதட்டத் தோன்றும் சொற்பிறப்புக் கதை என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படு. முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான சொல் என்றால், அதுவும் 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்றால், மூன்று மடங்கு.

சந்தேகப்படுவதைத் தொழிலாகவே செய்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள். எந்தச் சொல் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்த வாக்கியத்தில் என்று சாட்சி இல்லாமல் எதையும் ஏற்கவில்லை. 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேச்சு எழுந்து, ஜேம்ஸ் மர்ரே பொறுப்பேற்று, பத்து வருடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, அவர் பொறுப்பேற்ற ஐந்தாவது வருடமான 1884-இல் முதல் பகுதி வெளிவந்தபோது எட்டியிருந்த சொல், எறும்பைக் குறிக்கும் ‘ஆண்ட்’. எறும்பு வேகம்தான். 1915-இல் மர்ரே இறந்தார், 1928-இல்தான் வேலை முடிந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆர்வலர்கள் சீட்டுச் சீட்டாக எழுதி அனுப்பிய மேற்கோள்கள் அவருடைய இரும்புக் கொட்டகையில் குவிந்துகிடந்தன. அந்தக் குவியலில் ஒரு சொல்லின் சீட்டுகள் மட்டும் காணாமல் போய், அந்தச் சொல் அகராதியில் ஏறாமலேயே விடுபட்டது. ‘பாண்ட்மெய்ட்’. அடிமைப் பெண். ரொட்டி தின்பவன் ஞாபகம் வந்தது எனக்கு.

அதே ‘பாண்ட்’ வைக்கிங்குகளின் மொழியில் வீடும் நிலமும் உள்ள குடியானவன். ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல்லின் பின்பாதியில் இருப்பவன் அவன்தான். வீட்டுக்குள் இருந்தபோது எஜமானன், வெளியே, இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட நார்மன் பிரபுக்களிடம் மாட்டியபோது அடிமை. ஒரே ஆள், இரண்டு சொல்.

சென்ற வாரம் விம்பிள்டன் ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒப்பந்தம் ஒன்று பாதி மொழிபெயர்ப்பில் கிடந்தது. பந்து வலையில் உரசிக்கொண்டு விழுந்தது. உயரமான நாற்காலியில் இருந்த நடுவர் ‘லெட்’ என்றார். என் வாய் தானாக ‘தடை’ என்றது, பழக்க தோஷம். அப்புறம்தான் அந்த நடுவரைக் கொஞ்சம் கவனித்தேன். ‘அம்பயர்’. பிரெஞ்சில் ‘நொன்பேர்’, ஜோடி இல்லாதவர், இரண்டு பக்கத்திலும் சேராத மூன்றாம் ஆள். ஆங்கிலத்தில் ‘எ நௌம்பர்’ என்று சொல்லிச் சொல்லி, முன்னால் இருந்த ‘ந’ எழுத்து நழுவி ‘எ’யோடு ஒட்டிக்கொண்டு ‘ஆன் அம்பயர்’ ஆகிவிட்டது. சமையலறையில் கட்டும் ‘ஏப்ரன்’ தன் ‘ந’ எழுத்தைப் பறிகொடுத்ததும் இப்படித்தான். பட்டப்பெயரான ‘நிக்நேம்’ எங்கிருந்தோ ஒன்றைப் பறித்துக்கொண்டதும் இதே வழியில்.

முதலெழுத்தை இழந்த ஒருவர், அர்த்தத்தை இழந்த ஒரு சொல்லைச் சொல்கிறார். மைதானத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தைத் தரையில் நான்கு முறை தட்டிவிட்டு, மறுபடி போட்டான் அந்தப் பையன்.